விதைப் பூண்டு

என் மகன் இறந்த பிறகு வந்த முதல் ஜூன் மாதத்தில், வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டு எண்களைச் சொல்லத் தொடங்கினேன். ஏழாம் வகுப்பில் பதினொன்றாம் எண்ணில் இருந்த சிறுவனுக்கும் என் மகனுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்ல, கடைசி வரிசையிலிருந்து “உள்ளேன் டீச்சர்” என்று ஒரு குரல் எழும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒருவனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை அழைப்பது முறையாகாது என்பதால் இருபத்து மூன்று பிள்ளைகளையும் எண்களாக்கிவிட்டேன். தலைமை ஆசிரியர் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். அவர்கள் அவ்வளவு எளிதாகப் பழகிக்கொண்டதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் பழனி மலைத்தொடரின் மேல்மலையில், பூம்பாறைக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். 2017 நவம்பரில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிவரும் மலைப்பாதையில், அந்திநேர மேகமூட்டத்தில், இரு சக்கர வாகனத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் மகன் ஒரு வளைவில் விபத்துக்குள்ளாகி இறந்தான். அவனுக்கு வயது இருபது. விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. மிச்சம் இருந்தவர்கள் மீது அன்பு வைக்கவே நான் அஞ்சிய நாட்களைப் பற்றியும், அந்த அச்சம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது என்பதைப் பற்றியும்தான் எழுத வந்தேன். துக்கத்தோடு தினமும் பிள்ளைகள் முன் நின்றாக வேண்டிய ஆசிரியர் யாருக்கேனும் இது பயன்படலாம் என்று நம்புகிறேன்.

முதல் வாரங்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன சொற்கள் என்னை மேலும் காயப்படுத்தின. “நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்” என்பதையும், “உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே” என்பதையும் அன்பினால்தான் சொன்னார்கள் என்று தெரிந்தும் தாங்க முடியவில்லை. மாறாக, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் நாற்பது நாள் வரை தினமும் காலையில் வந்து இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பேசாமல் போனார். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், தன் வகுப்பில் அவன் படித்த காலத்தில் செய்த குறும்பு ஒன்றை, அவன் பெயரைச் சொல்லியே எனக்கு விவரித்தார். எல்லாரும் ஒளித்து வைத்த பெயரை அவர் எடுத்துச் சொன்னபோதுதான் நான் முதன்முறையாகக் குரலெடுத்து அழுதேன். துக்க வீட்டுக்குச் செல்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறிய நிகழ்ச்சியைக் கொண்டுசெல்லுங்கள், அது இல்லாவிட்டால் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணிக்குத் திரும்பும்போது நான் ஒரு தவறு செய்தேன். விடுப்பு முடிந்த மறுநாளே முழு நாளும் வகுப்பெடுத்து, எல்லாம் பழையபடி இருப்பதாகக் காட்டிக்கொண்டேன். முதல் வாரத்தில் பிற்பகல் மட்டும் வகுப்பெடுக்க அனுமதி கேட்டிருக்கலாம். பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் எதுவும் சொல்லாததால், டீச்சருக்குக் கோபம், தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. குழந்தைகளிடம் மரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். “தூங்கிவிட்டான்”, “சாமியிடம் போயிருக்கிறான்” என்றால் அவர்கள் தூக்கத்துக்கும் பயணத்துக்கும் அஞ்சத் தொடங்குவார்கள். “என் மகன் இறந்துவிட்டான், நான் வருத்தமாக இருக்கிறேன், சில நேரம் வகுப்பில் எனக்கு அழுகை வரும், அதற்கு நீங்கள் காரணம் இல்லை” என்ற நான்கு செய்திகள் போதும். அதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

வகுப்பில் இப்படி விலகி நின்ற நான், வீட்டில் நேர்மாறாக நடந்துகொண்டேன். 2018 ஜூனில் மகள் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தாள். அவளை அனுப்பவே எனக்கு மனமில்லை. அத்தையும் கணவரும் சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். விடுதியில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து கைபேசி என் உடம்பின் ஓர் உறுப்பாகிவிட்டது. எழுந்தாயா, சாப்பிட்டாயா, சாலையைக் கடந்துவிட்டாயா, ஏன் எடுக்கவில்லை? ஒரு நாள் அழைப்புப் பட்டியலைப் பார்த்தபோது பதினேழு முறை அழைத்திருந்தேன். இதை நான் பாசம் என்றே நம்பினேன். முன்பின் அறியாத பிள்ளைகளிடம் ஒட்டாமல் இருப்பதும், பெற்ற பிள்ளையை மூச்சுவிட இடமில்லாமல் பற்றிக்கொள்வதும் ஒரே அச்சத்தின் இரண்டு கைகள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த ஆண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. 2006-இல் பூத்தபோது மகனுக்கு ஒன்பது வயது; அடுத்து எப்போது பூக்கும் என்று கேட்டு, விரல் விட்டு எண்ணி, “அப்ப எனக்கு இருபத்தொண்ணு” என்று சொல்லியிருந்தான். 2018-இல் எங்கள் மலைச்சரிவுகள் நீலமாகி, பேருந்து பேருந்தாக மக்கள் வந்து பார்த்துச் சென்றபோது, நான் பள்ளிக்கும் வீட்டுக்குமாகத் தலைகுனிந்தே நடந்தேன்.

இனி பூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேல்மலை ஊர்களில் மலைப்பூண்டு இல்லாத வீடு அரிது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அதே ஆண்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. மே மாதத்தை ஒட்டி ஒரு நடவு, நவம்பரை ஒட்டி ஒரு நடவு என்று ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை செய்த பூண்டைத் தாளோடு, அதாவது அதன் தண்டும் இலையுமாக, கட்டுக் கட்டாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார்கள். பூண்டுக்கென்று தனியாக விதை கிடையாது, பல்லே விதை. ஆகையால் ஒவ்வொரு ஆண்டும் நல்ல பருத்த பூண்டைத் தின்னாமல், விற்காமல் எடுத்து வைத்து, பருவத்தில் மண்ணில் போட்டால்தான் அந்த இனம் அந்த வீட்டில் தொடரும். எங்கள் வீட்டு விதை, அத்தை கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து இப்படியே கைமாறி வந்தது.

2017 செப்டம்பரில் எடுத்த விதைப்பூண்டை ஏழு கட்டுகளாகக் கட்டித் தொங்கவிட்டவன் என் மகன். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் கற்ற முடிச்சை, இழுக்க இழுக்க இறுகும் அந்த முடிச்சை, நீல நைலான் கயிற்றில் போட்டிருந்தான். 2018 மே மாதத்தில் அத்தை கட்டுகளை இறக்கப் போனபோது நான் தடுத்துவிட்டேன். அவன் விரல் பட்ட முடிச்சை அவிழ்ப்பதற்கு என் மனம் இடம் தரவில்லை. கடையில் விதை வாங்கி நடுங்கள், இது இருக்கட்டும் என்றேன். அத்தை சிறிது நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, “தாயி, இது அவன் கட்டுனதுன்னு எனக்கும் தெரியும். பூண்டுக்குத் தெரியாதே. அது நாளை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும்” என்றார். பேரனைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பத்தா அவர். அதற்கு மேல் என்னை வற்புறுத்தவில்லை.

அந்த அக்டோபர் கடைசியில் ஏழாம் வகுப்புக்கு உடல இனப்பெருக்கம், அதாவது விதையில்லாமல் செடியின் ஒரு பாகத்திலிருந்தே புதுச் செடி முளைப்பது, நடத்த வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு, இஞ்சி, பூண்டு என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தவள், விதைப்பூண்டை வீட்டில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று பொதுவாகக் கேட்டேன். மேல்மலைப் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் வலையைப் பற்றிக் கேட்பது போன்றது. பதினொன்றாம் எண் எழுந்து, “ஒரு வருஷம் தாண்டிட்டா பொக்காயிரும் டீச்சர். வெளித்தோல் நல்லாத்தான் இருக்கும், அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும்” என்றான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பள்ளிப் பையைக்கூட இறக்கி வைக்காமல், முக்காலி மேல் ஏறி, ஒரு கட்டிலிருந்த பூண்டு ஒன்றை விரலால் அமுக்கினேன். புகையேறி மங்கிய வெளித்தோல் சத்தமில்லாமல் உள்ளே அமுங்கியது. ஒரு பல்லை எடுத்து உரித்தேன். காகிதம் போன்ற உறைக்குள், உலர்ந்த ஈயின் அளவுக்குச் சுருங்கிய பழுப்பு நிறத் துணுக்கு ஒன்று இருந்தது, ஊதினால் பறந்துவிடும். பக்கத்துப் பல்லும் அப்படியே. கண்கள் எரிந்தன, அதற்குப் பூண்டின் காரம் காரணமாக இருக்க முடியாது, அதில்தான் ஒன்றுமே மிச்சமில்லையே. அத்தை வந்து அருகில் நின்றார். இருவருமாக ஏழு கட்டுகளையும் இறக்கினோம். முடிச்சுகளை நான் கத்தியால் வெட்டவில்லை. நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். இரவு பத்து மணி வரை ஒவ்வொரு பல்லாக அமுக்கிப் பார்த்ததில், கெட்டியாக இருந்தவை நாற்பத்து மூன்று.

அவற்றை நவம்பர் முதல் வாரத்தில், வீட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்கு நிலத்தில் ஒரு சிறு பாத்தியில் நட்டோம். நடும் முறையைப் பதினொன்றாம் எண் எனக்குச் சொல்லித் தந்திருந்தான். பல்லை நடுகிற அன்றுதான் பிரிக்க வேண்டும். முன்கூட்டிப் பிரித்து வைத்தால் காய்ந்துவிடும். உள்தோலை உரிக்கக் கூடாது. வேர்ப்பகுதி கீழே, கூர்முனை மேலே. ஆழமாகப் புதைத்தால் ஈரத்தில் அழுகும். மேலாக வைத்தால் பறவை கிளறிவிடும். அத்தை கடைசிப் பல்லை என் கையில் கொடுத்து நடச் சொன்னார். மண்ணுக்குள் விரலை விட்டுக் குழி செய்து அதை வைத்து மூடியபோது, அவனைப் புதைத்த நாள் நினைவுக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுந்திருக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

அடுத்த பத்து நாளில் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய அந்தப் புயல், உள்மாவட்டங்களைக் கடந்து எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தது. நாள் முழுவதும் மழையும் காற்றும். சாலையெங்கும் மரங்கள் சாய்ந்தன, ஆங்காங்கே மண் சரிந்தது, மின்சாரம் போயிற்று, கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. மகளின் குரலைக் கேட்காமல் நான் மூன்று நாட்கள் இருந்தேன். மகனின் முதலாண்டு நினைவு நாளும் அந்த வாரத்திலேயே வந்தது. முதல் இரவில் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. இரண்டாம் நாள் கணவருடன் சேர்ந்து கூரைத் தகரங்களைக் கட்ட வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது. அழைக்க முடியாத நிலையில், அழைக்காமலும் உயிரோடு இருக்க முடிகிறது என்பதை நான் முதன்முதலாகக் கண்டேன்.

நான்காம் நாள், சாலையோர மேடு ஒன்றில் சிக்னல் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். மகள் அழுதுகொண்டே பேசினாள். எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம் அவளுக்கு. அழுகை ஓய்ந்த பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள். “அம்மா, போன மாசம் எனக்கு டெங்கு வந்துச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ படிப்பை நிறுத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு பயமா இருந்துச்சு.”

நாளுக்குப் பதினேழு முறை அழைத்துக்கொண்டிருந்த நான், என் மகள் மருத்துவமனையில் கிடந்ததை அறியவில்லை. அவள் அங்கிருந்தே “சாப்பிட்டேன்மா, வகுப்புல இருக்கேன்மா” என்று பதில் சொல்லியிருக்கிறாள். பெற்றோர் யாருக்கேனும் இது பொருந்துமானால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்: நம் பயம் பெரிதாக இருக்கும் வீட்டில், பிள்ளைகள் நமக்கு உண்மையைச் சொல்ல மாட்டார்கள், தங்கள் வலியையும் மறைத்துக்கொண்டு நம்மைத்தான் காப்பாற்றுவார்கள்.

அந்த மேட்டிலேயே அவளும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இரவு எட்டரை மணிக்கு ஓர் அழைப்பு. பயணம் செய்யும் நாளில் போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி. காய்ச்சல், விபத்து, மனவருத்தம் எதுவானாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். சொன்னால், அவள் கேட்காமல் நான் புறப்பட்டு வரக் கூடாது. கடைசி நிபந்தனை என்னுடைய கழுத்தை நெரித்தது, ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதைக் காப்பாற்ற எனக்கு உதவி தேவைப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். தூக்கத்துக்குச் சில மாதங்கள் மருந்து கொடுத்தார். ஒரு பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். அழைக்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது நேரத்தையும், மனத்தில் ஓடும் காட்சியையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு, பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு உண்மையில் என்ன நடந்தது என்பதை எதிரே எழுத வேண்டும். இரண்டு நோட்டுகள் நிறைந்தன. பயம் போய்விடவில்லை, ஆனால் அது வந்து, நின்று, போகும் நேரம் எனக்குத் தெரிந்த நேரமாயிற்று. இப்போது 14416 என்ற கட்டணமில்லாத எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை. மலையூர்களில் மருத்துவரைத் தேடி அரை நாள் பயணம் செய்ய முடியாதவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த அன்று வகுப்பில் பாதிப் பிள்ளைகளே இருந்தார்கள். வழக்கம்போல் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். “பதினொன்று” என்றேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். “அவன் வரல டீச்சர், அவங்க வீட்டுப் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சாம்” என்று ஒரு சிறுமி சொன்னாள். அவன் எங்கே, நலமாக இருக்கிறானா என்று அவளிடம் கேட்டபோது, கேட்டது அவன் பெயரைச் சொல்லித்தான். ஓராண்டாக என் வாயில் வராத பெயர் அது. மாலையில் ஓடையைத் தாண்டி அவன் வீட்டுக்கு நடந்தேன். வீட்டின் பின்சுவர் இடிந்திருந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சேறு அள்ளிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியோடு நிமிர்ந்து, வகுப்பில் நிற்பதைப் போலவே நிமிர்ந்து நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றான். பிறகு தானே வெட்கப்பட்டுச் சிரித்தான். மறுநாள் வகுப்பில் இருபத்து மூன்று பெயர்களையும் சொன்னேன். எண்களைச் சொன்னதற்கான காரணத்தையும் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், அண்ணனுக்கு வலித்திருக்குமா என்ற கேள்வி உட்பட, தெரிந்ததைத் தெரிந்தபடி பதில் சொன்னேன்.

பாத்தியில் மழைநீர் தேங்கியதில் பதினேழு பற்கள் அழுகிவிட்டன. இருபத்தாறு முளைத்தன. டிசம்பர் உறைபனியில் தாள்நுனிகள் கருகின. காட்டுமாடு ஒன்று இரவில் வேலியை மிதித்து இறங்கி, ஓர் ஓரத்தைச் சேறாக்கிவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு காலையும் எழுந்து முதலில் அந்தப் பாத்தியைப் பார்க்கப் போவேன். ஏதேனும் ஒன்று போயிருக்கும் என்று தெரிந்தே போவேன். தெரிந்தே போய்ப் பார்ப்பது எனக்குப் பழகியது. என் கணவரும் பேசாமல் கூடவே வரத் தொடங்கினார். அவர் துக்கம் பேச்சில்லாத துக்கம். அதை அன்பின்மை என்று நான் வெகுகாலம் தவறாக எண்ணியிருந்தேன்.

மார்ச்சில் பத்தொன்பது பூண்டுகள் எடுத்தோம். சின்னவை, ஆனால் கெட்டியானவை. எல்லாவற்றையும் அடுப்புக்கு மேல் கட்டிவிட நான் கயிறு தேடியபோது, அத்தை அதில் ஆறு பூண்டைத் தனியே எடுத்தார். “விதை ஒரே வீட்டுல இருக்கக் கூடாது தாயி. நம்ம பாத்தியில போனா, கேட்டு வாங்க ஒரு வீடு வேணும்ல” என்றார். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். அந்தச் சிறுவன் வீட்டுக்குக் கொடுத்தோம்.

அத்தை சொன்னபடியே ஆயிற்று. 2019 நவம்பரில் நாங்கள் நட்டது முழுவதும் மழையில் வேரழுகிப் போயிற்று. ஒரு பல்கூடத் தேறவில்லை. அப்போதும் அழுதேன். ஆனால் அன்று காலை வகுப்பைத் தவறவிடவில்லை. இரவு எட்டரைக்கு மகளிடம் சொன்னேன், அவளும் கொஞ்சம் அழுதாள், பிறகு தன் தேர்வைப் பற்றிப் பேசினாள்.

2020 மே மாதம், பள்ளிகள் மூடியிருந்த ஒரு காலைப்பொழுதில், முகக்கவசம் அணிந்த ஒரு பையன் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு அத்தையைக் கூப்பிட்டான். எட்டாம் வகுப்பு முடித்து உயரமாகியிருந்ததால் உடனே அடையாளம் தெரியவில்லை. திண்ணை ஓரத்தில் ஒரு பூண்டுக் கட்டை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, “எங்கம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. உங்க விதைதான் டீச்சர்” என்றான். பருத்த பூண்டுகள், பதினைந்துக்கும் மேலிருக்கும். கயிறு இல்லை, காய்ந்த தாள்களையே மூன்றாகப் பிரித்துச் சடைபோல் பின்னி, நுனியை உள்ளே சொருகியிருந்தார்கள். அப்படிக் கட்டுவதை எங்கள் வீட்டில் யாரும் அறியோம். பாத்தியை அன்று மாலையே கொத்தினோம். மறுநாள் காலையில் பின்னலைப் பிரித்து, பல் பல்லாக எடுத்து வைத்தேன்.